படி படி என்றால் படிப்பு வந்துவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றியவை: பிள்ளைக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. கல்வி உளவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டவர்கள் பலர் என்பதால் ஊர் மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பு. ஒரு மணி நேரம் படித்தால் அரை மணி நேரம் செல்போன் என்று பேசி வைத்தோம். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது ஒரு மணி நேரம் போன் வேண்டும் என்கிறான். தராவிட்டால் பையைத் திறப்பதே இல்லை. முன்பெல்லாம் கதைப் புத்தகமாவது தானாக எடுத்துப் படிப்பான், அதுவும் நின்றுவிட்டது. எங்கே தப்புச் செய்தோம்? – வாசகி, திருநெல்வேலி

பதில்: கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, கதைப் புத்தகம் நின்றுபோனது, அதுதான் முக்கியமான செய்தி. பிடித்துச் செய்துகொண்டிருந்த ஒன்றும் சேர்ந்து போயிருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர் குழுவினர் செய்த சோதனை 1973இல் வெளியானது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ளவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் வரையவிட்டு, முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்கூட்டிப் பேசிப் பரிசு வாங்கிய பிள்ளைகள் தங்கள் நேரத்தில் சுமார் 9 சதவீதம்தான் வரைந்தார்கள். பரிசே பெறாதவர்கள் 17 சதவீதம், எதிர்பாராமல் பெற்றவர்கள் 18 சதவீதம். சான்றிதழ் ஒன்றேதான். முன்பே பேரம் பேசியது மட்டும்தான் வேறு.

உங்கள் மகன் பக்கம் நின்று பாருங்கள். போன் கூலி என்றால், படிப்பு கூலி கொடுத்தால்தான் செய்யக்கூடிய வேலை என்று ஆகிவிடுகிறது. கூலி வேலையை யாரும் சும்மா செய்வதில்லை; கூலியை உயர்த்தித்தான் கேட்பார்கள். அவன் கேட்பதும் அதுதான்.

இதற்காகப் பரிசே விஷம் என்று எண்ணிவிட வேண்டாம். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் அவர்களோடு கோஸ்ட்னரும் 1999இல் 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே ருசியாக இருக்கும் வேலைக்குச் 'செய்தால் தருவேன்' என்று பொருள் கொடுப்பது அந்த ருசியைக் குறைக்கிறது. எதிர்பாராமல் கிடைப்பது குறைப்பதில்லை. ருசியே இல்லாத வேலையில் இந்த இழப்பு தெரிவதில்லை. பதினாறாம் வாய்பாட்டை ஒப்பிக்க யாருக்கும் இயல்பாக ஆசை வருவதில்லை. அதற்கு ஒரு வாரம் சின்னப் பரிசு வைத்துத் தொடங்கி வைப்பதில் கெடுதல் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது: போனை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். அது தண்டனையாகத்தான் அவனுக்குப் படும். போனுக்கும் படிப்புக்கும் இடையே உள்ள முடிச்சை மட்டும் அவிழுங்கள். மாலை 7.30 முதல் 8 வரை போன், படித்தாலும் படிக்காவிட்டாலும், ஒரு நிமிடம் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். இதைத் தண்டனை இல்லாத ஒரு நாளில், சாவகாசமாகச் சொல்லுங்கள். அடுத்து, படிப்பை மணிக்கணக்கில் அளப்பதை விடுங்கள். ஒரு மணி நேரம் என்றால் பிள்ளையின் கண் கடிகாரத்தில் இருக்கும். 4 கணக்கு, சமூக அறிவியலில் ஒரு பத்தியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்வது, ஆங்கிலத்தில் 5 சொல் என்று வேலையாகக் கொடுங்கள். எதை முதலில் செய்வது, எங்கே உட்கார்வது என்பதை அவன் தீர்மானிக்கட்டும். முடித்தால் எழுந்துவிடலாம். 25 நிமிடத்தில் முடித்துவிட்டான் என்று இன்னும் இரண்டு கணக்கைத் தலையில் கட்டினால் மறுநாள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வான். முதல் சில நாட்கள் இப்போது இருப்பதைவிடவும் மோசமாகலாம். அப்போது பழைய பேரத்துக்குத் திரும்பினால், அடம்பிடித்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். கதைப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கட்டும்.

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு. 'எனக்குக் கணக்கு வராதுப்பா' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள். மற்ற பாடங்களில் பரவாயில்லை. டியூஷன் வைத்தும் பலனில்லை. நம்பிக்கை ஊட்டிப் பேசிப் பார்த்துவிட்டேன். – வாசகர், ஓசூர்

பதில்: 'வராது' என்ற சொல்லை முதலில் கவனிக்கலாம். 'இந்தத் தேர்வில் நான் படிக்கவில்லை' என்பது வேறு, 'எனக்குக் கணக்கு வராது' என்பது வேறு. பெர்னார்ட் வைனர் என்ற உளவியலாளர், தோல்விக்கு நாம் சொல்லும் காரணங்களை மூன்று கேள்விகளால் பிரித்தார்: காரணம் என்னிடம் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, மாறுமா மாறாதா, என் கையில் இருக்கிறதா இல்லையா. உங்கள் மகள் சொல்லும் காரணம் அவளிடமே இருப்பது, மாறாதது, கையில் இல்லாதது. மூன்றிலும் மிக மோசமான மூலை அது. அங்கே நிற்கும் பிள்ளைக்குப் பயிற்சி செய்வதில் அர்த்தமே தெரியாது. அவள் சோம்பேறி இல்லை, அவள் கணக்குப்படி அவள் செய்வது சரி.

நம்பிக்கைப் பேச்சு ஏன் எடுபடவில்லை என்பதற்கு ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் பதில் வைத்திருக்கிறார். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்று 1977இல் எழுதினார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொன்ன சொல், உடல் காட்டும் படபடப்பு. இவற்றில் வலுவானது முதலாவது. சொல் வெகு பலவீனம். அடுத்த கணக்குத் தப்பானதும் கரைந்துவிடும்.

ஆகவே, செய்து முடிக்க வைக்க வேண்டும். அதற்கு அவள் எங்கே நின்றாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் தேடாதீர்கள். ஒரு தாளில் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு அளவில் தலா 4 கணக்குகள் எழுதிக் கொடுத்து, அவள் போடுவதைப் பக்கத்தில் இருந்து வாய் திறக்காமல் பாருங்கள். பெரும்பாலும் பின்னத்தில்தான் வண்டி நிற்கும். 2/3 + 1/4 என்று கொடுத்தால் 3/7 என்று எழுதுவாள். மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டியிருப்பாள். இது கவனக்குறைவு அல்ல. 2/3 என்பது ஒரே எண் என்று அவளுக்குப் படவில்லை. கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு எண்கள் தெரிகின்றன. இந்த நிலையில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எத்தனை டியூஷன் வைத்தாலும் ஏற்ற முடியாது.

தப்பு என்று சொல்லாமல் கேளுங்கள்: 2/3 பாதியைவிடப் பெரிதா சிறிதா? பெரிது என்பாள். 3/7? ஏழில் பாதி மூன்றரை, ஆகவே பாதியைவிடச் சிறிது. பாதிக்கும் மேலான ஒன்றோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதிக்கும் கீழே போகுமா? இந்த இடத்தில் அவளே நிற்பாள். இப்போது 12 வில்லையாக உடைகிற ஒரு கடலைமிட்டாய்ப் பாளத்தைத் தாளில் வரையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு 8 வில்லை. நாலில் ஒரு பங்கு 3 வில்லை. சேர்த்தால் 11 வில்லை, அதாவது 11/12. பொதுப் பகுதி 12 எங்கிருந்து வந்தது என்று அவள் கண்ணால் பார்த்துவிடுகிறாள். அதன் பிறகு விதி சொன்னால் போதும்.

தினமும் 20 நிமிடம், 5 கணக்கு. 3 அவளால் நிச்சயம் முடிவது, 1 போன வாரத்தில் கற்றது, 1 சற்றே கடினமானது. அளவு ஏன் இவ்வளவு சிறியது? பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கழித்தலில் பின்தங்கிய, கணக்கில் விருப்பமும் இல்லாத பிள்ளைகளுக்கு 42 பக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சிலரிடம் ஒரு அமர்வுக்கு 6 பக்கம் முடிக்கப் பார் என்றார்கள். சிலரிடம் 7 அமர்வில் 42 பக்கமும் முடிக்கப் பார் என்றார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் 6 பக்கக் குழுதான் கழித்தலில் முன்னேறியது, தன்னால் முடியும் என்று நம்பியது, கடைசியில் யாரும் சொல்லாமலே கணக்கை எடுத்துப் போட்டது. தூரத்தில் இருக்கும் 42ஆம் பக்கத்தை நெருங்குவது நாளுக்கு நாள் கண்ணில் படாது. 6 தினமும் முடியும். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007 முதல் பரவிய செயல்வழிக் கற்றலில் சுவரில் ஏணிப்படம் ஒட்டி, பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறது என்று தானே பார்க்கும்படி வைத்ததன் பின்னாலும் இதே கருத்து இருக்கிறது.

எல்லாக் கணக்கையும் எளிதாகவே கொடுத்துவிடாதீர்கள். கேரல் டுவெக் 1975இல் ஓர் ஆய்வு செய்தார். தோற்றதும் கைவிட்டுவிடும் பிள்ளைகள், இரண்டு குழு. ஒரு குழுவுக்கு வெற்றி மட்டுமே வரும்படி கணக்குகள்; இன்னொரு குழுவுக்கு இடையிடையே தோல்வியும், அப்போது 'இன்னும் முயன்றிருக்க வேண்டும்' என்ற விளக்கமும். பிற்பாடு தோல்வி வந்தபோது வெற்றி மட்டும் ருசித்த குழு பழையபடி சுருண்டது, மற்றது தாங்கியது. ஐந்தாவது கணக்கின் வேலை அதுதான். அது தப்பாகும்போது 'எந்த வரியில் நின்றது?' என்று கேளுங்கள். உண்மையாகவே பாடுபட்டும் வராத பிள்ளையிடம் 'முயற்சி போதாது' என்றால் அடி விழுந்தது போல இருக்கும். அங்கே 'வழியை மாற்றிப் பார்ப்போம்' என்பதே சரி.

பல வீடுகளில் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, அவள் பேனா ஐந்து விநாடி நின்றதும் அப்பா வாங்கிப் போட்டுக் காட்டிவிடுவார். இரண்டு, 'இது ரொம்ப ஈசி' என்று சொல்லிக் கொடுப்பார். ஈசியானது வரவில்லை என்றால் அவள் முட்டாள் என்று ஆகிறது. 'இது கொஞ்சம் சிக்கலான இடம்' என்று சொல்லிப் பாருங்கள், வந்தால் பெருமை, வராவிட்டால் அவமானம் இல்லை. முடிந்தால் உங்களுக்குப் பதில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஓர் அக்கா சொல்லிக் கொடுக்கட்டும். கடன் வாங்கிக் கழித்தலை ஆசிரியர் போட்டுப் பார்த்த பிள்ளைகளைவிட, தங்களையொத்த பிள்ளை போட்டுப் பார்த்தவர்களுக்கு 'எனக்கும் வரும்' என்ற எண்ணம் கூடியதை ஷங்க்கும் ஹான்சனும் 1985இல் காட்டினார்கள்.

கேள்வி: பேரனை 'சமத்து, புத்திசாலி' என்று கொஞ்சினால் மருமகள் கோபித்துக்கொள்கிறாள். அப்படிச் சொல்லவே கூடாது என்று எங்கேயோ படித்தாளாம். பாராட்டினால் பிள்ளை கெட்டுவிடுமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கொஞ்சுவதற்குத் தடை இல்லை அம்மா. உங்கள் மருமகள் படித்தது 1998இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புதிர்த் தொகுப்பைச் செய்ததும், சிலரிடம் 'நீ புத்திசாலி', சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று கேட்டவர்களில் 67 சதவீதம் பேர் தங்களைக் கெட்டிக்காரராகக் காட்டக்கூடிய எளிய புதிரைக் கேட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் 92 சதவீதம் கற்றுக்கொள்ளக்கூடிய புதிரைக் கேட்டார்கள். பின்பு கடினமான ஒன்றில் எல்லாருமே தடுமாற, முதல் குழு துவண்டது. தன் மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது அந்தக் குழுவில் மூன்றில் ஒருவருக்கு மேல் கூட்டி எழுதினார்கள். கிடைத்த பட்டத்தைக் காப்பாற்றும் பயம்.

மருமகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தி முயற்சியால் வளரும் என்ற இந்தக் கருத்தை வைத்து உலகமெங்கும் பயிற்சி வகுப்பும் சுவரொட்டியும் விற்கிறார்கள். அந்த அளவுக்கு அதில் சத்து இல்லை. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சுமார் 12,000 பேரிடம் நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில், மூளை வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சொல்லிக் கொடுத்ததன் பலன், பின்தங்கிய மாணவர்களுக்கு 4 புள்ளி மதிப்பெண் அளவுகோலில் சுமார் 0.1 புள்ளி. இருக்கிறது, ஆனால் சிறிது. எனவே நீங்கள் ஒரு வார்த்தை சமத்து என்றதால் ஒன்றும் கெட்டுவிடாது. கூடவே அவன் செய்ததையும் பார்த்துச் சொல்லுங்கள்: 'நேற்று ழகரம் வரவில்லை, இன்றைக்கு மூன்று தரம் நிறுத்திச் சொல்லிப் பார்த்தாயே, வந்துவிட்டது.' செய்யாததற்குப் பாராட்டினால் நாலு வயதுப் பிள்ளையும் கண்டுகொள்ளும்.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. விடைத்தாள் கொடுத்தால் மாணவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் வைக்கிறார்கள். நான் கீழே எழுதும் குறிப்பை ஒருவரும் படிப்பதில்லை. – வாசகி, விருதுநகர்

பதில்: மதிப்பெண்ணும் குறிப்பும் ஒரே தாளில் இருந்தால் மதிப்பெண்தான் ஜெயிக்கும். ரூத் பட்லர் இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1988இல் வந்தது. குறிப்பு மட்டும் பெற்றவர்களின் செயல்திறனும் விருப்பமும் கூடின. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களுக்குக் கூடவில்லை. வியப்பு என்னவென்றால் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களும் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே ஆனார்கள். எண்ணைப் பார்த்ததும் பிள்ளையின் கவனம் 'நான் எத்தனையாவது' என்பதற்குப் போய்விடுகிறது. விடைக்குத் திரும்பி வருவதில்லை. பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017இல் நிறுத்தியது. வகுப்பறைக்குள் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது எங்கள் வருத்தம்.

பதிவேட்டுக்கு மதிப்பெண் வேண்டும்தான். அதை உங்கள் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்து, மூன்று நாள் கழித்து மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். குறிப்பில் மூன்று இருந்தால் போதும்: எது சரி, எங்கே விலகியது, அடுத்து என்ன செய்ய வேண்டும். ஒரு மாணவன் 'தாவரம் சூரிய ஒளியைச் சாப்பிட்டு வளர்கிறது' என்று எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடும் 1/5ம் போட்டால் அவனுக்குத் தெரிவது தன் இடம் மட்டும். 'ஒளி வேண்டும் என்றது சரி. ஆனால் ஒளி உணவல்ல, அடுப்புக்கு நெருப்புப் போல. உணவாக மாறுவதற்கு இலைக்குள் போகும் இரண்டு பொருள்கள் எவை? விடையைத் திருத்தி எழுது' என்று எழுதினால் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு என்று அவன் தேடிப் போக ஒரு வழி இருக்கிறது.

50 தாளுக்கு இப்படி எழுத முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். எல்லாக் கேள்விக்கும் எழுதாதீர்கள். ஒரு தாளுக்கு ஒரு கேள்வி. வகுப்பில் பலரும் செய்த பிழைக்குக் கரும்பலகையில் ஒரே குறிப்பு. முக்கியமாக, தாளைக் கொடுத்த அதே பாடவேளையில் திருத்தி எழுத 10 நிமிடம் விடுங்கள். வீட்டில் பார்த்துக்கொள் என்றால் குறிப்பு வீணாகும். முதல் இரண்டு முறை 'மார்க் எவ்வளவு மிஸ்?' என்று நச்சரிப்பார்கள், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஊக்கப் பேச்சாளரை அழைக்கிறோம். அன்று கைதட்டல் பலமாக இருக்கிறது, மறுவாரம் எல்லாம் பழையபடி. செலவுக்குப் பயன் உண்டா? – தலைமையாசிரியர், செய்யாறு

பதில்: அந்தப் பணத்தில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம். இந்தப் படிப்பு உனக்கு ஏன் வேண்டும் என்பதைப் பிறர் மேடையில் சொல்வதைவிட மாணவரே எழுதுவதில் பலன் உண்டு. ஹுல்மனும் ஹராக்கிவிச்சும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் மாணவர்களை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, கற்ற பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று எழுத வைத்தார்கள். தன்னால் முடியாது என்று நினைத்த மாணவர்களுக்குத்தான் விருப்பமும் மதிப்பெண்ணும் கூடின. நீங்களும் மாதம் ஒரு முறை, 10 நிமிடம், அரைப்பக்கம் எழுத வைக்கலாம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை நூல் எண்ணிக்கையில் விகிதத்தைக் கண்டுபிடிக்கும், இன்னொன்று மோட்டார் கொட்டகை மின்கட்டணத்தில் மின்சாரப் பாடத்தைப் பார்க்கும். 'டாக்டர் ஆகலாம், கலெக்டர் ஆகலாம்' என்று நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். நம்பிக்கை குறைந்த மாணவருக்கு அந்தத் தூரம் மிரட்டலாகவே படும்.

கேள்வி: அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பயம் விட்டுப்போனதால்தானே இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை? – வாசகர், பழனி

பதில்: அடித்தால் புத்தகத்தின் முன் உட்கார்வான், மறுக்கவில்லை. அடிப்பவர் அறையில் இருக்கும் வரை உட்கார்வான். டெசி, ரயன் இருவரும் ஊக்கத்தை ஒரு கோட்டில் வரிசைப்படுத்துகிறார்கள்: அடிக்குப் பயந்தோ பரிசுக்காகவோ செய்வது ஒரு முனை; செய்யாவிட்டால் வெட்கமாக இருக்கும் என்று செய்வது அடுத்தது; எனக்கு இது வேண்டும் என்று உணர்ந்து செய்வது அதற்கடுத்தது; பிடித்திருக்கிறது என்று செய்வது மறுமுனை. அடி பிள்ளையை முதல் முனையிலேயே கட்டிப்போடுகிறது. விடுதிக்கோ கல்லூரிக்கோ போய்க் கண்காணிப்பு நின்றதும் படிப்பும் நிற்பது அதனால்தான். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது, மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்துத்தான். 'பக்கத்து வீட்டுப் பையனைப் பார்' என்பது எந்தப் பக்கம் சேரும் என்று நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். படிக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது, ஆனால் மூட் வரவில்லை என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போகிறது. இரவு படுக்கும்போது என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. – மாணவர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, மூட் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பதில்தான் சிக்கல். தொடங்கி ஐந்து பத்து நிமிடம் போன பிறகுதான் பெரும்பாலும் அது வரும். நீங்கள் தள்ளிப்போடுவது பாடத்தை அல்ல, அதைத் திறந்ததும் வரும் 'புரியவில்லையே' என்ற கசப்பை. போனை எடுத்ததும் கசப்பு உடனே மறைகிறது, அதனால் கை மறுபடி போனுக்கே போகிறது.

'நாளை இயற்பியல் படிப்பேன்' என்று முடிவெடுத்தால் போதாது. எப்போது, எங்கே, எந்த வேலை என்று ஒன்றோடொன்று கட்டுங்கள். பீட்டர் கோல்விட்சர் ஜெர்மனியில் கல்லூரி மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார். எப்போது எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் பத்தில் ஏழு பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான். உங்கள் குறிப்பு இப்படி இருக்கலாம்: 'இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், போனை அம்மாவின் அலமாரியில் வைத்துவிட்டு, முன்னறை மேசையில் இயற்பியல் இரண்டாம் பாடத்தின் பயிற்சிக் கணக்கு ஒன்றைத் தாளில் எழுதுவேன்.' தட்டுக் கழுவுவது தினமும் நடப்பது, அதுவே மணி அடித்துவிடும். வேலை ஒரே ஒரு கணக்காக இருக்கட்டும். '9 மணிக்கு' என்று நேரம் குறித்தால் 9.10 ஆனதும் இன்று போயிற்று என்று எழுந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, வரியில் கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதை நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு அது நன்றாக நிற்பது போலத் தெரியும். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் செய்த சோதனையில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் இருந்தது. ஒரு முறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். மூடிவைத்து எழுதும்போது எது தெரியும் எது தெரியாது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தத் தெளிவே மறுநாள் உட்காரத் தைரியம் தரும்.

இரவில் வரும் வெறுப்பைப் பற்றி: அது உங்களை விரட்டும் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் 2010இல் நடந்த ஆய்வில், முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். இன்று விட்டுப்போயிற்றா, நாளைய தட்டுக் கழுவலுக்கு எந்தக் கணக்கு என்று ஒரு வரி எழுதி மேசையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: இதையெல்லாம் செய்து பார்த்தும் ஒன்றும் நடக்காவிட்டால்? மகன் ஒன்பதாம் வகுப்பு. படிப்பு மட்டுமல்ல, கிரிக்கெட்டும் விட்டுவிட்டான். யாரோடும் பேசுவதில்லை. – வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இங்கே கடைசியில் வைத்ததால் அவசரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். படிப்பு மட்டும் பிடிக்கவில்லை என்றால் மேலே எழுதியவை பொருந்தும். பிடித்த விளையாட்டு, நண்பர்கள், சாப்பாடு, தூக்கம் எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருந்தால் அது ஊக்கம் பற்றிய கேள்வி அல்ல. மனச்சோர்வாக இருக்கலாம், பள்ளியில் யாராவது துன்புறுத்திக்கொண்டிருக்கலாம். 'ஏன் படிக்கவில்லை' என்று தொடங்காமல் 'கிரவுண்டுக்குப் போறதில்லையே, என்னப்பா ஆச்சு' என்று, முகம் பார்த்துப் பேச வேண்டியிராத நேரத்தில், வண்டியில் போகும்போதோ சமையலறையில் நிற்கும்போதோ கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாள் மறுபடி கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். சாவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் தனியே விடாமல் அன்றே அழைத்துப் போங்கள்.

கூடவே கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் பிழை வருகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கண். வாய்ப்பேச்சில் கெட்டியாக இருந்து, சிறு வயதிலிருந்தே வாசிப்பதில் மட்டும் திணறி, எழுத்தை மாற்றி எழுதுகிறவன் என்றால் டிஸ்லெக்சியா சோதனைக்குக் கேளுங்கள். உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. விண்ணப்பமும் சான்றிதழும் முடிய மாதங்கள் ஆகும் என்பதால், பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இந்த ஆண்டே பள்ளியில் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.